கிரேப்ஃப்ரூட்டை நம்ம சமையலறையில் என்ன செய்யலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கொஞ்சம் பெரிய பழக்கடை எதற்குப் போனாலும் ஆப்பிள், கிவி பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பெரிய பழம் உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு என்று நினைத்து வாங்கி, பாதியாக வெட்டி, மேலே சர்க்கரை தூவி, ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, "ஐயே, கசக்குது" என்று மீதியை ஃப்ரிட்ஜ் மூலையில் தள்ளிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். சுண்டைக்காய் வத்தல் குழம்புக்கும் வேப்பம்பூ ரசத்துக்கும் ஆசைப்படுகிற ஊர் இது, பாகற்காய் பிட்லைக்குத் தனி ரசிகர்களே இருக்கிறார்கள். கசப்பை உப்போடும் காரத்தோடும் வெல்லத்தோடும் நல்லெண்ணெயோடும் எப்படிச் சேர்ப்பது என்று நம் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. அதே கையோடு இந்தப் பழத்தையும் தொட்டால் போதும். நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் மாத்திரை பற்றிய கேள்வியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

இது பம்ப்ளிமாஸ்தானே? எதற்கு இரண்டு பெயர்?

இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். பம்ப்ளிமாஸ் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பழைய பழம். அது கப்பலேறி கரீபியன் தீவுகளுக்குப் போய், அங்கே ஆரஞ்சோடு தானாகக் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். பார்படோஸ் தீவில் இருந்த கிரிஃபித் ஹியூஸ் என்ற பாதிரியார் 1750இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதாவது எலுமிச்சை, நார்த்தங்காய் எல்லாம் போல ஆயிரக்கணக்கான வருஷப் பழமில்லை, சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன் வந்த புதுசு.

பழக்கத்தில் வித்தியாசம் இப்படித் தெரியும்: பம்ப்ளிமாஸ் தேங்காய் அளவுக்குப் பெரியது, தோல் தடிமன், சுளை கொஞ்சம் உலர்ந்தாற்போல உதிர்உதிராக இருக்கும், கசப்பு குறைவு. கிரேப்ஃப்ரூட் பெரிய சாத்துக்குடி அளவு, தோல் மெல்லிசு, வெட்டினால் சாறு கையெல்லாம் வழியும், கசப்பு நிச்சயம் உண்டு. பெங்களூரு விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளிப் பக்கத்துப் பம்ப்ளிமாஸுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் ஒன்று வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கீழே நான் சொல்கிற சாலட், தயிர்ப்பச்சடி இரண்டையும் பம்ப்ளிமாஸில் செய்தாலும் அருமையாக வரும்.

சென்னையில் எப்போது, எங்கே வாங்குவது?

கோயம்பேட்டில் வெளிநாட்டுப் பழம் விற்கிற மொத்தக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டுப் பக்கத்துப் பெரிய பழக்கடை, சூப்பர் மார்க்கெட். இங்கே கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதிதான். தென்னாப்பிரிக்காவில் ஏப்ரல், மே தொடங்கி ஆகஸ்ட் வரை அறுவடை, பூமத்திய ரேகைக்கு வடக்கே விளைகிற நாடுகளில் நவம்பர் வாக்கில் தொடங்கிக் கோடை வரை. அதனால் வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் எங்காவது கண்ணில் படும். நம் வெயில் காலத்தில் கிடைக்கும்போது வாங்குவதுதான் என் கட்சி, அக்னி நட்சத்திரத்தில் குளிர்ந்த கிரேப்ஃப்ரூட் சுளைக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது.

நல்ல பழத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

கையில் எடுத்துப் பாருங்கள், அளவுக்கு மீறின கனம் இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு பழம் இருந்தால் கனமானதை எடுங்கள், சாறு அதில்தான். தோல் வழவழப்பாக, அழுத்தினால் லேசாக மட்டும் கொடுக்கிற மாதிரி இருக்கட்டும். காம்புப் பக்கம் கூம்பாக நீண்டு, தோல் சொரசொரப்பாக இருந்தால் உள்ளே தோல் தடிமனாகச் சதை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். தோலில் இருக்கிற பழுப்புத் தழும்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மரத்தில் கிளை உரசின அடையாளம். மெத்தென்று அமுங்குகிற புள்ளி இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் நாலைந்து நாளில் சுருங்க ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே இருக்கும். ஆனால் பறித்த பிறகு இது பழுக்காது, மாம்பழம் மாதிரி வைத்திருந்தால் இனிக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

வெள்ளையா, சிவப்பா?

முதல் முறை என்றால் சிவப்பு, சந்தேகமே வேண்டாம். சிவப்பு ரகங்களில் இனிப்பு தூக்கலாகவும் கசப்பு அடங்கியும் இருக்கும். அந்த நிறம் தக்காளியில் இருக்கிற அதே லைக்கோபீன். வெளித்தோலை வைத்து உள்நிறத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது, கடைக்காரரிடம் கேளுங்கள் அல்லது ஸ்டிக்கரைப் பாருங்கள். "ரூபி ரெட்" அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மரத்தில் தானாக ஏற்பட்ட மாற்றத்திலிருந்து வந்தது, 1929இல் அதைக் கண்டெடுத்து, பிறகு காப்புரிமையே வாங்கினார்கள். "ஸ்டார் ரூபி"யும் "ரியோ ரெட்"டும் விதையிலோ மொட்டிலோ கதிர்வீச்சு செலுத்தி உண்டாக்கின ரகங்கள். கதிர்வீச்சு என்றதும் பதற வேண்டாம், அது பல வருஷத்துக்கு முன் அந்த முதல் செடிக்கு நடந்தது, உங்கள் கையில் இருக்கிற பழத்தில் ஒன்றும் இல்லை.

வெள்ளை ரகம் கிடைத்தால் ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மணம் அதில் இன்னும் கூர்மை.

ஏன் இவ்வளவு கசப்பு? குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது, பாதிக்கு மேல் கசப்பு நீங்கள் வெட்டுகிற விதத்திலேயே போய்விடும். கசப்புக்கு முக்கியக் காரணம் நாரிஞ்சின் என்ற பொருள். அது தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பஞ்சிலும், சுளைகளைப் பிரிக்கிற மெல்லிய சவ்விலும்தான் அதிகம், சாறு நிறைந்த முத்துக்களில் குறைவு. பாதியாக வெட்டி ஸ்பூனால் தோண்டும்போது சவ்வும் சேர்ந்து வாய்க்குள் போகிறது, அதனால்தான் முகம் சுளிக்கிறது.

இப்படிச் செய்யுங்கள். பழத்தின் மேலும் கீழும் ஒரு வட்டம் சீவி, பலகையில் நேராக நிறுத்துங்கள். கூரான கத்தியால் மேலிருந்து கீழாக, பழத்தின் வளைவோடு ஒட்டி, மஞ்சள் தோலும் வெள்ளைப் பஞ்சும் சுத்தமாகப் போகும்வரை சீவுங்கள். இப்போது ஒவ்வொரு சுளைக்கும் இரண்டு பக்கமும் சவ்வுக் கோடு தெரியும். கோட்டை ஒட்டி உள்பக்கமாக இரண்டு வெட்டு, சுளை மட்டும் கழன்று வந்துவிடும். கீழே ஒரு கிண்ணம் வையுங்கள், சொட்டுகிற சாறு வீணாகக் கூடாது. கடைசியில் மிஞ்சுகிற சவ்வுக் கொத்தையும் கையால் பிழிந்துவிடுங்கள். பழகிவிட்டால் ஒரு பழத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மொக்கைக் கத்தியோடு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம், பழமும் நசுங்கும், விரலும் போகும்.

சர்க்கரை போட்டும் கசக்கிறதே?

சர்க்கரையை வைத்துவிட்டு உப்பை எடுங்கள். உப்பு நாக்கில் கசப்பு தெரிவதையே அடக்கும், அதனால் பழத்தில் ஏற்கனவே இருக்கிற இனிப்பு மேலே வரும். சர்க்கரையோ கசப்பின் மேல் ஒரு இனிப்புப் பூச்சு பூசுகிறது, அவ்வளவுதான், பூச்சு கரைந்ததும் கசப்பு திரும்ப வந்து நிற்கும். குளிர்ந்த சுளைகள் மேல் ஒரு சிட்டிகை கல் உப்புப் பொடி, அப்புறம் மெரினாவில் மாங்காய் பத்தைக்குத் தூவுகிற மாதிரி கொஞ்சம் மிளகாய்த்தூள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்யுங்கள். இனிப்பு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் உப்போடு துளி நாட்டுச் சர்க்கரை சேர்க்கலாம், அல்லது தேன்.

ரசம் வைக்கலாமா?

தாராளமாக! எலுமிச்சை ரசம் தெரிந்த எல்லோருக்கும் இது கைவந்த வேலை. நாலு பேருக்கு என்றால், கால் கப் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு தக்காளி, ஒரு அங்குலம் தட்டின இஞ்சி, கீறின பச்சை மிளகாய் இரண்டு, மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீரை ஊற்றி, மிளகு சீரகப் பொடி ஒரு ஸ்பூன் சேர்த்து நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான், ஒரு பழத்துச் சாறு முழுவதையும் ஊற்ற வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் மணம் பறந்துவிடும், கசப்பு மட்டும் தங்கும், மறுபடி சுடவைத்தாலும் இதே கதிதான். மேலே கொத்தமல்லி.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சாற்றில் எலுமிச்சையில் இருக்கிற புளிப்பில் பாதிகூட இல்லை. அதனால் ஒரு மூடி எலுமிச்சை பிழிகிற இடத்தில் இதை அரை கப்புக்கு மேல் ஊற்ற வேண்டிவரும், தண்ணீரை அதற்குத் தக்கபடி முன்னாலேயே குறைத்து வையுங்கள். புளிப்பு போதாது என்று பட்டால் அரை மூடி எலுமிச்சையும் சேர்த்துப் பிழியுங்கள், தப்பில்லை.

அப்படியென்றால் எலுமிச்சை சாதம் மாதிரி சாதம் கிளறலாமா?

சாறை ஊற்றிக் கிளறினால் சாதம் கொழகொழவென்று போகும், காரணம் மேலே சொன்னதுதான், புளிப்பு ஏற வேண்டுமென்றால் அவ்வளவு சாறு வேண்டும். சுண்டக் காய்ச்சி ஊற்றலாம் என்று யோசிக்காதீர்கள், கசப்பும் சேர்ந்து சுண்டும். வழக்கமான எலுமிச்சை சாதத்தையே கிளறி, வேர்க்கடலை கொஞ்சம் அதிகமாகப் போட்டு, இறக்கினதும் கிரேப்ஃப்ரூட்டின் மஞ்சள் மேல்தோலைத் துருவி அரை ஸ்பூன் தூவுங்கள், பரிமாறும்போது நாலைந்து சுளைகளை உதிர்த்துப் போடுங்கள். அது நன்றாக இருக்கும்.

தயிரில் போடலாமா? பால் திரியும் என்கிறார்களே?

பாலில் வேண்டாம், திரியும், மில்க்‌ஷேக் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தயிரில் கட்டாயம் போடலாம். அன்னாசிப் பச்சடி மாதிரிதான். கெட்டித் தயிரை உப்புப் போட்டுக் கடைந்து, பொடியாக நறுக்கின பச்சை மிளகாய், கடுகு தாளிப்பு, கூடவே வறுத்த சீரகப் பொடி. சுளைகளை வடிகட்டியில் பத்து நிமிஷம் வைத்து நீர் வடித்து, சாப்பிட உட்காரும்போது கலக்குங்கள். காலையில் கலந்து வைத்து மத்தியானம் எடுத்தால் நீர் விட்டுக் கசந்துபோயிருக்கும். பிரியாணிக்கு வெங்காயப் பச்சடிக்குப் பதிலாக ஒரு தடவை இதை வைத்துப் பாருங்கள், கொழுப்பான மட்டன் பிரியாணிக்கு இதைப் போல இன்னொன்று அமையாது.

அசைவத்தோடு சேருமா?

ரொம்பவே. வறுத்த வஞ்சிரம், சங்கரா, இறால் எதற்கும் எலுமிச்சைத் துண்டுக்குப் பதில் இரண்டு சுளை பக்கத்தில் வையுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது தாய்லாந்துக்காரர்கள் பம்ப்ளிமாஸில் செய்கிற சாலட். அவர்கள் சுளையை உதிர்த்து, வறுத்த தேங்காய், வேர்க்கடலை, சின்ன வெங்காயம், மிளகாய், காய்ந்த இறால் எல்லாம் போட்டுக் கலக்குகிறார்கள். படிக்கும்போதே தெரிகிறதல்லவா, எல்லாமே நம் வீட்டில் இருக்கிற சாமான்!

நம் கையில் அதை இப்படிச் செய்யலாம்: சென்னாக்குன்னி ஒரு கைப்பிடியை மண் போக அலசி வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவல் நாலு ஸ்பூன், அதையும் பொன்னிறமாக வறுங்கள். ஒரு பழத்துச் சுளைகள், நீளமாக நறுக்கின சின்ன வெங்காயம் ஏழெட்டு, உடைத்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா. துளி வெல்லத்தை ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, உப்பு போட்டு மேலே ஊற்றி, கையால் மெதுவாகப் புரட்டி உடனே சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் சென்னாக்குன்னிக்குப் பதில் பொட்டுக்கடலையும் ஒரு சிட்டிகை பெருங்காயமும் போடுங்கள், வேறு ருசி, ஆனால் அதுவும் நல்ல ருசி.

தோலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, என்ன செய்யலாம்?

எனக்கும் வராது. நார்த்தங்காய் இனிப்புப் பச்சடி செய்கிற வீட்டில் இதற்குத் தனி சமையல் குறிப்பே தேவையில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. இறக்குமதிப் பழத்தின் தோலில் பளபளப்புக்கு மெழுகும் பூஞ்சைக்கு மருந்தும் பூசியிருப்பார்கள், எனவே வெந்நீரில் போட்டு, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே தோலைத் தொடுங்கள். இரண்டாவது, வெள்ளைப் பஞ்சின் கசப்பை முதலில் வடிக்க வேண்டும். பொடியாக நறுக்கின தோலை உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி கொட்டு. மொத்தம் மூன்று முறை.

பிறகு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, கடுகு, காய்ந்த மிளகாய், பச்சை மிளகாய் ஆறேழு, கறிவேப்பிலை தாளித்து, பிழிந்த தோலை வதக்குங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்ததும் நூறு கிராம் வெல்லம். எண்ணெய் பிரிந்து ஜாம் பதத்துக்கு வரும்போது வறுத்த வெந்தயப் பொடி அரை ஸ்பூன், பெருங்காயம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் தட்டில் சாதம் மிஞ்சாது. ஃப்ரிட்ஜில் பத்து நாள் தாங்கும்.

உப்பு நார்த்தங்காய் மாதிரி ஊறவைத்து வெயிலில் காயவைக்கலாமா?

நார்த்தங்காய் அளவுக்கு இதில் புளிப்பு இல்லை, நீர் அதிகம், அதனால் வெறும் உப்பை நம்பினால் பூசணம் பிடிக்க வாய்ப்பு உண்டு. செய்தே தீர வேண்டுமென்றால் தோலை மட்டும் எடுத்து, எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு உப்பு போட்டு, மூழ்கும் அளவுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றி, கண்ணாடி ஜாடியில் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். மொட்டை மாடியில் பரப்பும் வேலைக்கு நார்த்தங்காயே இருக்கட்டும், அதன் இடத்தை இது பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

ஜூஸ் எப்படிப் போடுவது? மிக்ஸியில் அடிக்கலாமா?

மிக்ஸியில் வேண்டவே வேண்டாம். சவ்வும் விதையும் அரைந்தால் வேப்பங்கொழுந்துதான். சாத்துக்குடி பிழிகிற கைப்பிழிவானே போதும், அதிலும் வெள்ளைப் பகுதி தேயும்வரை அழுத்தித் திருகக் கூடாது. ஒரு நடுத்தரப் பழத்தில் முக்கால் கப் வரை சாறு வரும். பிழிந்ததும் குடித்துவிடுங்கள். பிழியும்போது கசப்பில்லாத ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சில மணி நேரம் வைத்திருந்த ஜூஸ் அதிகமாகக் கசப்பது அதனால்தான்.

நம்மூருக்கு ஏற்ற ஒன்று சொல்கிறேன். உயரமான டம்ளரில் ஐஸ், நன்னாரி சர்பத் இரண்டு ஸ்பூன், ஊறவைத்த சப்ஜா விதை ஒரு ஸ்பூன், அரை கப் கிரேப்ஃப்ரூட் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மேலே சோடா. எலுமிச்சை போட்ட நன்னாரியைவிட இதை நான் உயர்வாகச் சொல்வேன், நன்னாரியின் மண்வாசனைக்கும் இந்தக் கசப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

அடுப்பில் வாட்டிச் சாப்பிடுவதாகப் பார்த்தேன், அது எப்படி?

பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் நாட்டுச் சர்க்கரை தடவி, நெய் தடவின சூடான இரும்புத் தோசைக்கல்லில் கவிழ்த்து இரண்டு நிமிஷம். சர்க்கரை கருகப்போகிற சமயத்தில் எடுத்துவிடுங்கள். மேலே ஏலக்காய்ப்பொடியோ ஒரு துளி சுக்குப்பொடியோ. விருந்தாளிகள் வந்தால் நன்றாக இருக்கும், தினமும் செய்ய வேண்டிய விஷயமில்லை.

பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாமா?

இதைத்தான் முழுதாகப் படிக்கச் சொன்னேன். சில மாத்திரைகளோடு இந்தப் பழம் சேரவே கூடாது.

நம் குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. சாப்பிடுகிற பல மருந்துகளில் ஒரு பகுதியை இரத்தத்தில் சேரும் முன்பே அது உடைத்துவிடும். மருந்தின் அளவை நிர்ணயிப்பதே இந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான். கிரேப்ஃப்ரூட்டில் இருக்கிற ஃபுரானோகூமரின் என்ற பொருட்கள் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. விளைவு, ஒரு மாத்திரை போட்டிருப்பீர்கள், இரத்தத்தில் பல மாத்திரை போட்ட அளவு ஏறியிருக்கும். இது தெரியவந்ததே தற்செயலாகத்தான்: 1989 வாக்கில் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்து மதுவோடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தபோது, மதுவின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள், இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத உயரத்துக்குப் போனது.

காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டால் போதுமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. கெட்டுப்போன நொதிக்குப் பதிலாக உடம்பு புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். ஒரு முழுப் பழம் அல்லது ஒரு டம்ளர் ஜூஸே இதற்குப் போதும். சமைத்தாலும் இந்தப் பொருட்கள் போகாது, ஆகவே ரசமும் தோல் பச்சடியும்கூட இதில் அடக்கம். பம்ப்ளிமாஸுக்கும் இதே எச்சரிக்கை.

கவனிக்க வேண்டிய பெயர்கள்: கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின். பிரஷருக்கான ஃபெலோடிபின், நிஃபெடிபின். இதயத் துடிப்புக்கான அமியோடரோன். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எடுக்கிற டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், இவர்கள் இந்தப் பழத்தின் பக்கமே போகக் கூடாது. பட்டியல் இதோடு முடியவில்லை. ரோசுவாஸ்டாட்டினுக்கும் ப்ரவாஸ்டாட்டினுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அலர்ஜிக்குப் போடுகிற ஃபெக்ஸோஃபெனடின் விஷயத்தில் தலைகீழ், அங்கே மருந்து உடம்பில் சேர்வதே குறைந்துபோகும். மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும், நீங்கள் மருந்தின் பெயரைப் பாருங்கள். தினமும் எந்த மாத்திரை எடுப்பவராக இருந்தாலும் டாக்டரிடமோ மருந்துக்கடையில் இருக்கிற ஃபார்மசிஸ்ட்டிடமோ "கிரேப்ஃப்ரூட் சாப்பிடலாமா" என்று நேராகக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழத்துக்காக மாத்திரையை நிறுத்துவதோ தள்ளிப்போடுவதோ கூடவே கூடாது.

வீட்டுக்கு மாமனார், மாமியார், வயதான சித்தப்பா யாராவது வரும்போது இதைப் பரிமாறுவதாக இருந்தால், முதலில் என்ன மாத்திரை என்று கேளுங்கள். அவர்களுக்குச் சாத்துக்குடியோ கமலா ஆரஞ்சோ உரித்துக் கொடுங்கள், கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு அவை இந்த மாதிரித் தொல்லை தராது.

உடம்பு இளைக்குமாமே?

கொழுப்பைக் கரைக்கிற தனிச் சக்தி எதுவும் இதற்குக் கிடையாது. நூறு கிராமுக்கு நாற்பது கலோரி பக்கம், தொண்ணூறு சதவீதம் தண்ணீர், வைட்டமின் சி முப்பது மில்லிகிராமுக்கு மேல். ராத்திரி ஏழு மணிக்குப் பஜ்ஜி தேடுகிற கைக்கு ஒரு கிண்ணம் உப்புப் போட்ட சுளை கிடைத்தால் நல்லதுதானே, அந்த அளவில் உதவும். நெஞ்செரிச்சல், அல்சர் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் தவிர்க்கவும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், சவ்வு நீக்கின சிவப்புச் சுளையை மட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம், சின்ன வயதில் கசப்பு தூக்கலாகத் தெரியும். முதலில் பம்ப்ளிமாஸில் பழக்கிவிட்டால் இதுவும் தானாகப் பிடிக்கும்.

விதை போட்டால் சென்னையில் முளைக்குமா?

முளைக்கும், பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே வரும், ஆனால் காய்க்கப் பல வருஷம் ஆகும். அவசரம் என்றால் நர்சரியில் ஒட்டுச்செடி கேளுங்கள். சூடு இதற்குப் பிடிக்கும், சிவப்பு நிறமும் சூட்டில் நன்றாகவே ஏறும். தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகிவிடும், அதனால் மழைக்காலத்தில் வடிகால் சரியாக இருக்கிறதா பாருங்கள். மாடியில் வைப்பதாக இருந்தால் குறைந்தது பெரிய டிரம் அளவுத் தொட்டி வேண்டும். கறிவேப்பிலைச் செடியை மொட்டையடிக்கிற அதே பச்சைப் புழு இதன் கொழுந்துக்கும் வரும். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்தெல்லாம் வேண்டாம், செடி சின்னதாக இருக்கும்வரை காலையில் இலைகளைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துப் போட்டால் போதும்.